இங்கிலீஷ் முறைக் குதிரையேற்றத்துக்குத் தலைக்கவசம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கிங்ஸ்டன் அம்மா

வணக்கம். நாங்கள் லண்டனுக்குத் தென்மேற்கே கிங்ஸ்டனில் வசிக்கிறோம். ஒன்பது வயதாகும் என் மகள் ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் சரே பக்கத்தில் உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குப் போய் வருகிறாள். இதுவரை பள்ளியில் அடுக்கி வைத்திருக்கும் தலைக்கவசங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து மாட்டிவிடுவார்கள். இப்போது ட்ராட் என்னும் மெல்லோட்டம் நன்றாகப் பழகிவிட்டது, அடுத்து அதைவிட வேகமான கேன்டர் தொடங்கப் போகிறோம், அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

கடைகளின் இணையதளங்களைப் பார்த்ததில் குழப்பம்தான் மிஞ்சியது. 40 பவுண்டுக்கும் இருக்கிறது, 400 பவுண்டுக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் புரியாத எழுத்தும் எண்ணும் வரிசையாக இருக்கின்றன. வெல்வெட் போர்த்தியது, காற்றுத் துளை வைத்தது, பின்னால் திருகி இறுக்குவது என்று வகைகளும் பல.

இதற்கிடையில் என் தோழி ஒருவர், அவருடைய மகள் முன்பு அணிந்த கறுப்பு வெல்வெட் தொப்பியைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். பார்க்கப் புதிது போலத்தான் இருக்கிறது. உள்ளே ‘ஈஎன் 1384’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆனால் மகளுக்குச் சற்றுத் தளர்வாக இருக்கிறது. வளர்கிற பிள்ளைதானே, ஊரில் பாவாடையை உள்ளே மடித்துத் தைத்து ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவதுபோல் இதற்கும் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணவரோ, சைக்கிளுக்கு வாங்கிய ஹெல்மெட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார். மகளுக்கு இடுப்பு வரை தலைமுடி இருப்பதால் அதை எங்கே ஒதுக்குவது என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: வைக்கோல் வாசம்

சகோதரி, என் இரண்டு பெண்களும் குதிரை ஓட்டுகிறார்கள். பதினொரு ஆண்டுகளாக எனக்கு வார இறுதி என்றால் லாயம்தான். அதில் பாதி நேரம் பிறர் பிள்ளைகளின் தாடைப் பட்டையைச் சரிசெய்வதிலேயே கழிகிறது. அந்த அனுபவத்தில் சொல்வதானால், விலையைப் பார்ப்பதற்கு முன் மகளின் தலை வடிவத்தைப் பாருங்கள். தலைக்குத் தலை சுற்றளவு மட்டும் வேறுபடுவதில்லை, வடிவமும் வேறுபடுகிறது. அடுத்த முறை அவளைத் தரையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்க்கும்போது, முடி படிந்திருக்கும் நேரத்தில், நேர் மேலிருந்து கவனியுங்கள். நெற்றியிலிருந்து பிடரி வரை நீண்டு, காதுப் பக்கம் ஒடுங்கி முட்டை வடிவில் தெரிகிறதா, ஏறத்தாழ வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் மூத்தவளுக்குத் தையல்காரர் நாடாவால் அளந்ததில் 55 செ.மீ. வந்தது. பிரிட்டனின் பழைய தொப்பி அளவில் அது ஆறே முக்கால். 55 என்று அச்சிட்ட அழகான ஒன்றை இணையத்தில் வாங்கினோம். இருபது நிமிடம் ஓட்டியதும் தலைவலிக்கிறது என்பாள். வெயில், களைப்பு என்று ஏதேதோ காரணம் சொல்லி நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் தொப்பியைக் கழற்றியபோது, நெற்றியின் நடுவில் கயிறு வைத்து அழுத்தியதுபோல் சிவந்த கோடு. காதுக்கு முன்னே உள்ள பொட்டுப் பக்கம் தொட்டுப் பார்த்தேன், அங்கே எந்தத் தடமும் இல்லை; என் விரலே உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்திருக்கிறது. நீள்வட்டத் தலைக்கு வட்ட வடிவத் தொப்பி வாங்கியிருக்கிறோம். அளவு சரி, வடிவம் தவறு. வட்டத் தலைக்கு நீள்வட்டத் தொப்பி என்றால் இது தலைகீழாக நடக்கும். பொட்டுகள் இறுகும், நெற்றியில் இடைவெளி விழும். பின்னால் திருகும் வகை இதைச் சரிசெய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் திருகு உள்ளிருக்கும் வளையத்தைத்தான் இறுக்குமே தவிர, ஓட்டின் வடிவத்தை மாற்றாது.

அளப்பதற்குப் புருவத்துக்கு ஏறத்தாழ இரண்டரை செ.மீ. மேலே, தலையின் மிக அகன்ற சுற்றில் நாடாவை வைக்க வேண்டும். கடையில் அணிந்து பார்க்கும்போது தாடைப் பட்டையை முதலில் மாட்டாதீர்கள். நெற்றிப் பக்கம் வைத்துப் பின்னோக்கி இறக்கிய பிறகு, தொப்பியைப் பிடித்து மெல்ல மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். தொப்பியோடு சேர்ந்து புருவமும் நெற்றித் தோலும் அசைந்தால் பொருந்துகிறது; தோல் அப்படியே இருக்கத் தொப்பி மட்டும் வழுக்கினால் பெரிது. முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தரைக்கு இணையாக நிற்க வேண்டும். பிள்ளைகள் அதைப் பின்னால் தள்ளி நெற்றி முழுவதும் தெரியும்படி வைத்துக்கொள்வார்கள், அது கூடாது. இவ்வளவும் சரியானால் அதன் பிறகு பட்டையை மாட்டி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்படி வைத்து, கால் மணி நேரம் கழற்றாமல் கடையிலேயே நடக்க விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம். பிரிட்டனில் குதிரையேற்றப் பொருள் வணிகர்களின் சங்கமான பீட்டா, தொப்பி பொருத்துவதற்கென்றே ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. அப்பயிற்சி பெற்றவர் இருக்கும் கடையைக் கேட்டறிந்து போவது நல்லது.

முடியைப் பற்றிக் கேட்டீர்கள். உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் தொப்பியைக் கவிழ்ப்பது மிகப் பெரிய தவறு. தொப்பி தலையில் உட்காராமல் கொண்டையின்மேல் உட்காரும். பிடரியில் தாழ்வாக ஒற்றைச் சடை பின்னி முதுகோடு விட்டுவிடுங்கள், அல்லது சடையைக் கழுத்தோரம் மடித்துக் கட்டுங்கள். எப்படிப் பின்னி ஓட்டப் போகிறாளோ அப்படியே பின்னிக் கடைக்கும் அழைத்துப் போங்கள். ஒரு நாள் சடை, ஒரு நாள் விரித்த முடி என்று மாற்றினால் அளவும் மாறிவிடும். இரும்பு ஹேர்பின், கிளிப் எதுவும் தொப்பிக்குள் இருக்கக் கூடாது.

வளரட்டும் என்று பெரிதாக வாங்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாவாடை தளர்ந்தால் தடுக்கும், அவ்வளவுதான். தலைக்கவசம் தளர்ந்தால், விழும் நேரத்தில் அது நெற்றியைவிட்டு நகர்ந்து, தலை தரையைத் தொடும் இடத்தில் இல்லாமலே போய்விடும். தோழியின் தொப்பியையும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டில் உள்ள பழைய ஈஎன் 1384 தரநிலைக்கான அங்கீகாரத்தை 2014ஆம் ஆண்டே ஐரோப்பிய ஆணையம் விலக்கிக்கொண்டது. இளையோருக்கான குதிரையேற்றச் சங்கமான போனி கிளப் முதலிய பிரிட்டன் அமைப்புகள் அதைத் தனியாக ஏற்பதில்லை. 2023இல் அதே எண்ணில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஆனால் உங்கள் தோழி வீட்டுத் தொப்பி அதற்கு முந்தியது என்றே தெரிகிறது.

இன்னொரு செய்தி. இந்த நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் சாலையில் குதிரை ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.


பதில்: கோவென்ட்ரி பொறியாளர்

வைக்கோல் வாசம் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. வடிவம் முதலில், மற்றவை பிறகு என்னும் வரிசையைச் சிறிது மாற்றுவேன். தரச்சான்று இல்லாத தொப்பியை அணிந்து பார்க்கவே வேண்டாம். அது வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டிய பொருள். வடிவம், அளவு எல்லாம் உள்ளே வந்தவற்றுக்கு நடுவில் தேர்ந்தெடுப்பதற்கு.

பிரிட்டனில் நீங்கள் தேட வேண்டியவை இவை. பாஸ் 015:2011 என்பது பிரிட்டிஷ் தரநிலை, விஜி1 01.040 2014-12 என்பது ஐரோப்பாவில் இடைக்கால ஏற்பாடாக வந்தது. இவ்விரண்டில் எது இருந்தாலும், பக்கத்தில் பட்டம் போன்ற வடிவில் பிரிட்டனின் தர நிறுவனமான பிஎஸ்ஐ-யின் கைட்மார்க் முத்திரையோ, இன்ஸ்பெக் என்னும் சோதனை நிறுவனத்தின் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தால், தொழிற்சாலையிலிருந்து வரும் சரக்கை வெளியார் தொடர்ந்து எடுத்துச் சோதிக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப்1163, அங்குள்ள எஸ்ஈஐ என்னும் சான்று நிறுவனத்தின் முத்திரையோடு இருந்தால் அதுவும் ஏற்கப்படும். அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளையின் ஈ2016 முதலியவை கடுமையான சோதனைகள், ஆனால் அவற்றைப் பெற்ற தொப்பிகள் குறைவு. ஒரே தொப்பியில் இரண்டு, மூன்று தரச்சான்றுகள் இருப்பது நல்லது. ஒவ்வொரு தரநிலையும் வெவ்வேறு ஆபத்தில் கண் வைக்கிறது.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதே, ஏனென்றால் இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே பொருள், நாம் தெர்மாகோல் என்று சொல்லும் நுரைதான். ஆனால் ஐரோப்பிய சைக்கிள் தரநிலை தொப்பியை ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் போட்டுப் பார்க்கிறது. ஏஎஸ்டிஎம் எஃப்1163 1.8 மீட்டரிலிருந்து போடுகிறது. 12 ஹேண்ட் (ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம்) உயர மட்டக்குதிரையின் முதுகே 1.2 மீட்டர் இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளின் தலை இரண்டு மீட்டரை ஒட்டி இருக்கும். உயரம் மட்டுமில்லை. குதிரைத் தொப்பியைக் குளம்பு, தடைக் கட்டை போன்றவற்றின் விளிம்பை மனத்தில் கொண்டு செய்த கூரான இரும்பின்மேலும் போட்டுப் பார்க்கிறார்கள். பாஸ் 015 இன்னும் ஒரு படி போய், பக்கவாட்டில் வைத்து நசுக்கியும் பார்க்கிறது. சைக்கிள் நம்மீது உருண்டு விழுந்து நசுக்குவதில்லை, குதிரை விழலாம். பிடரிப் பக்கம் எவ்வளவு மூடுகிறது என்பதிலும் இரண்டும் வேறு.

தெர்மாகோல் எப்படி வேலை செய்கிறது என்று கணவருக்குக் காட்ட ஒரு வழி உண்டு. புதிய தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளைக் கட்டியைக் கட்டை விரலால் அழுத்தச் சொல்லுங்கள். குழி விழும், விரலை எடுத்தாலும் குழி மீளாது. தலைக்கவசம் செய்வதும் இதுதான். 1.8 மீட்டர் விழுந்த தலை மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் தரையைச் சேர்கிறது. நுரை நசுங்கும் 2 செ.மீ. தூரத்தில் அந்த வேகம் நின்றால், புவியீர்ப்பைப்போல் சராசரியாக 90 மடங்கு விசை. நுரை இல்லாமல் 2 மி.மீ. தூரத்தில் நின்றால் 900 மடங்கு. இது நானே தாளில் போட்ட தோராயக் கணக்குதான், ஆனால் அந்த இரண்டு சென்டிமீட்டரின் அருமை புரியும். ஒரு முறை நசுங்கிய இடத்தில் அடுத்த முறை நசுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. வெளியே வெல்வெட் பளபளவென்று இருக்கும், உள்ளே குழி விழுந்திருக்கும், யாருக்கும் தெரியாது. பழைய தொப்பி வேண்டாம் என்பதற்கும், பலமாகத் தலையில் அடிபட்டு விழுந்த பின் புதிது வாங்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். விழாவிட்டாலும், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின் இருக்கையில் போட்டு வைக்க வேண்டாம். சூடு நுரைக்கும் பசைக்கும் ஆகாது.

மிப்ஸ் என்ற சொல்லையும் பார்த்திருப்பீர்கள். நேர்செங்குத்தாக யாரும் விழுவதில்லை. சாய்ந்து விழும்போது தலை சட்டென்று சுழல்கிறது. இளநீர்க் காயைக் கையில் வைத்து வெடுக்கென்று திருப்பினால் ஓடு திரும்பிவிடும், உள்ளே உள்ள நீர் அதே வேகத்தில் திரும்பாது அல்லவா, மூளைக்கும் ஏறத்தாழ அதே நிலைமை. தொப்பியின் உட்புறத்தில் மெல்லிய வழுக்கும் தகடு ஒன்றை வைத்து, 10 முதல் 15 மி.மீ. வரை ஓடு தனியாக நகர விடுவதே மிப்ஸ். ஸ்டாக்ஹோம் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் ஹான்ஸ் ஃபான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கிய இந்த நுட்பம், 2007இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே குதிரையேற்றத் தொப்பியில்தான். சைக்கிளுக்கு அதன் பிறகே போனது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம், 2022 இறுதியிலிருந்து குதிரையேற்றத் தொப்பிகளைத் தானே சோதித்து நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. விலைக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது. 400 பவுண்டில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் தோலும் மினுமினுப்பும் பெயரும்தான்.


பதில்: பழைய என்சிசி

எண்பதுகளில் சென்னையில் என்சிசி-யின் குதிரைப் பிரிவில் இருந்தவன் நான். எங்கள் காலத்தில் இந்த ஆரவாரமெல்லாம் இல்லை, துணித் தொப்பியோடு தாண்டினோம், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே, ஒன்றும் ஆகாதவர்கள்தான் இப்படி எழுத மிஞ்சியிருக்கிறோம் என்பது உறைத்தது.

என் மனம் மாறியதற்கு குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெசாஜ் போட்டியின் அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டையின் விபத்து ஒரு காரணம். 2008 ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 2010 மார்ச் மாதம் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது அவருடைய குதிரை துள்ளவும் இல்லை, மிரளவும் இல்லை. தன் காலே தடுக்கி விழுந்தது. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு உடைந்து வாரக் கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். பிறகு நடையையும் பேச்சையும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. அதுவரை டிரெசாஜ் உயர்நிலைப் போட்டிகளில் உயரமான பட்டுத் தொப்பிதான் மரபு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஷார்லட் டுஜார்டின் வால் கோட்டோடு தலைக்கவசம் அணிந்து வந்து தங்கம் வென்றதைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 2021 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தலைக்கவசத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இருசக்கர வாகன ஹெல்மெட்டில் உள்ள ஐஎஸ் 4151, ஐஎஸ்ஐ முத்திரை குதிரைக்குப் பொருந்தாது. அது கனமானது, கழுத்துக்குச் சுமை. காதை மூடுவதால் பயிற்சியாளரின் குரலும் கேட்காது. மேலே பொறியாளர் தம்பி சொன்ன தரச்சான்றுகளில் ஒன்று உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே இங்கேயும் வாங்க வேண்டும்.


பதில்: கிங்ஸ்டன் அம்மா

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று பீட்டா பயிற்சி பெற்றவர் இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். பிடரியில் ஒற்றைச் சடை பின்னி அழைத்துச் சென்றேன். அளந்ததில் 53 செ.மீ.; தலை நல்ல நீள்வட்டம் என்றார் அந்த அம்மையார். எட்டுத் தொப்பிகளை அணிந்து பார்த்தோம். மகளுக்குப் பிடித்த, பக்கத்தில் மினுமினுப்பு வைத்த ஒன்று பொட்டுப் பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டது; அவளே தன் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். நான் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். தெர்மாகோல் சோதனையை என் கணவர் செய்து பார்த்துவிட்டார், இப்போது சைக்கிள் பேச்சை எடுப்பதில்லை.

கடைசியில் இரண்டு தொப்பிகள் மிஞ்சின, இரண்டிலும் பாஸ் 015 கைட்மார்க்கோடு இருக்கிறது. ஒன்று முன்விளிம்பு உள்ள, காற்றுத் துளைகள் கொண்ட வகை. மற்றொன்று முன்விளிம்பே இல்லாத உருண்டை ஓடு, மேலே துணி உறை தனியாகப் போட வேண்டும். ஸ்கல் கேப் என்றார்கள். போனி கிளப்பில் சேர்ப்பதாக இருந்தால் இதையே வாங்குங்கள் என்றார் அவர். இரண்டையும் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எது நல்லது? இன்னொரு கேள்வி, வெட்கத்தோடுதான் கேட்கிறேன்: வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விட வேண்டுமா?


பதில்: வைக்கோல் வாசம்

இரண்டும் சமமாகப் பொருந்துகின்றன என்றால் ஸ்கல் கேப்பையே வாங்குங்கள். குறுக்குநிலத் தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு நிலையான முன்விளிம்பு உள்ள தொப்பியைப் போனி கிளப் அனுமதிப்பதில்லை. முகம் குப்புற விழும்போது, அசையாத விளிம்பு தரையில் ஊன்றித் தலையைப் பின்னால் ஒடிக்கக்கூடும் என்பது காரணம். உறையில் உள்ள விளிம்பு வெறும் துணியும் மெல்லிய அட்டையும்தான், மடங்கிவிடும். சாதாரண வகுப்புக்கும் அதையே அணியலாம், ஆகவே இரண்டு வாங்கும் செலவு இல்லை. கோடையில் சற்றுப் புழுங்கும், அது ஒன்றுதான் குறை. மினுமினுப்பை இழந்த குழந்தைக்கு உறையில் விருப்பமான நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். என் சின்னவளுடையது கத்தரிப்பூ நிறம், உச்சியில் குஞ்சம் வேறு.

எண்ணெயை விட வேண்டாம், நாளை மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு எண்ணெய், சனி காலை தொப்பி என்றால் உள்துணி பிசுபிசுத்துத் தொப்பி வழுக்கும். பொருத்தம் பார்த்த பாடெல்லாம் வீண். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை எண்ணெய், மதியத்துக்குள் சீயக்காய். உள்துணி கழற்றக்கூடியதா என்று பார்த்து, கழற்ற முடிந்தால் மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். கழற்ற முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தில் முழுத் தொப்பியையும் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அவர் இந்தப் பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.